இரண்டு இழை

24 மே, சனி

காலையிலிருந்து மழை. ஹாலில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன், வீடு முழுக்க ஈரச் சாக்ஸ் வாடை. என் கணவர் மதனுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்று பகல் ஷிஃப்ட். எனக்கு இந்த வாரம் ஃபாக்டரியில் ஓவர்டைம் இல்லை. நல்லதாகப் போயிற்று. ஷாம்பு பாட்டில் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சனிக்கிழமையும் ஈஸ்ட் டாமாக்கி வரை போய்ப் பார்க்காவிட்டால் உலகம் நின்றுவிடாது.

மத்தியானம் பக்கத்து வீட்டு உஷாக்கா குடையோடு வந்து கதவைத் தட்டினார். "ஸ்வர்ணா, குசினியிலையும் பின்னறையிலையும் கறண்ட் இல்லை. பியூஸ் எரிஞ்சு போச்சுது போல கிடக்கு. அவரும் வேலைக்குப் போயிட்டார். ஒருக்கா வந்து பாக்கிறீங்களே?"

போனேன். ஹில்ஸ்பரோவில் இந்தத் தெரு முழுக்கப் பழைய மரவீடுகள்தான், ஆனால் அவர்கள் ஃபியூஸ் போர்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வெள்ளைப் பீங்கான் கட்டை! ஈரோட்டில் எங்கள் வீட்டில் இருந்த அதே சாமான், நியூசிலாந்தில். கம்பி உருகியிருந்தது. டிராயரில் ஃபியூஸ் கம்பி அட்டை இருந்தது. பதினைந்து ஆம்ப்பியர் கம்பியை எடுத்து, அளவாக வெட்டி, திருகி, சொருகினேன். சமையலறையில் கிரைண்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்தது, உஷாக்கா கைதட்டினார்.

சாயங்காலம் அவருடைய கணவர் சோதிலிங்கம் அண்ணா வேலியோரம் நின்று மதனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பக்கத்து வீட்டில ஒரு இஞ்சினியர் இருக்கேக்க எங்களுக்கு என்ன பயம்?"

இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ஃபாக்டரியில் நான் "ஸ்வா". ராஜஸ்தானில் பாலைவனம் முழுக்கக் கண்ணாடி வரிசை நிறுத்தி, வெயிலை எண்ணெயில் பிடித்து, அந்தச் சூட்டில் நீராவி கிளப்பி, ஒரு ஊருக்கே கரண்ட் அனுப்பினவள் நான். இங்கே அதைக் கேட்பாரில்லை. ஒரு ஃபியூஸ் கட்டினதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆமாம். அவ்வளவு சந்தோஷம்.

8 ஜூன், ஞாயிறு

மறுபடியும் ஃபியூஸ். மறுபடியும் நான். குளிர் ஏறிவிட்டது, பின்னறையில் அவர்கள் பெண் பிரணவி நாள் முழுக்க ஹீட்டர் போட்டுப் படிக்கிறாள். குசினியில் கிரைண்டர், ஸ்டீமர், கெட்டில். எல்லாம் ஒரே லைனில்.

"ஒரே நேரத்துல எல்லாத்தையும் போடாதீங்க உஷாக்கா" என்றேன்.

"இடியப்பம் அவிக்கேக்க எதை நிப்பாட்டுறது? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

பிரணவி எட்டிப் பார்த்து, "தாங்க்ஸ் ஆன்ட்டி, யூ ஆர் அ லெஜண்ட்" என்றாள். யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், ஆனால் சிரிப்பு முழுசாக வரும்.

20 ஜூன், வெள்ளி

மாட்டாரிக்கி விடுமுறை, மாவோரிப் புத்தாண்டு. தூங்கலாம் என்றிருந்தேன். காலையிலேயே உஷாக்கா, கண் கலங்கி. நாளைக்கு ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டுக்கு, இடியப்பம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஃபியூஸ் விடிந்ததிலிருந்து இரண்டு தடவை போய்விட்டது, இரண்டு தடவையும் அண்ணாவே கட்டியிருக்கிறார். போனதும் அண்ணா, "என்னால ஏலாது பிள்ளை, நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்று என் கையில் கம்பி அட்டையைக் கொடுத்தார்.

மூன்று பேரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நான் கட்டிவிட்டுப் போய், ஒரு மணி நேரத்தில் அது மறுபடி போனால்? இஞ்சினியர் கட்டினதும் போச்சு என்பார்களே. இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். ஊரில் யார் வீட்டில் செய்யவில்லை? அப்பா செய்வார், சித்தப்பா செய்வார், ஈ.பி.க்காரரே செய்வார்.

"கெட்டியா கட்டிட்டேன்க்கா. இனி போகாது."

21 ஜூன், சனி

போகவில்லை. சாயங்காலம் ஒரு தட்டு நிறைய இடியப்பமும் சொதியும் வந்தது.

5 ஜூலை, சனி

சோதிலிங்கம் அண்ணா வேலியோரம் கூப்பிட்டார். பின்னறைப் பிளக் பாயின்ட் தொட்டால் சூடாக இருக்கிறதாம். "ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுவம் எண்டு யோசிக்கிறன். என்ன சொல்லுறீங்கள் இஞ்சினியர்?"

எலெக்ட்ரீஷியன் வந்தால் முதலில் போர்டைத் திறப்பான். திறந்தால் அந்தக் கம்பியைப் பார்ப்பான். யாரு இந்த வேலையைச் செஞ்சதுன்னு கேப்பான்.

"எதுக்குண்ணா வெளியாள்? பழைய பாயின்ட், கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். அடுத்த வாரம் நானே வந்து கழற்றிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வாயிலிருந்து வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

12 ஜூலை, சனி

பக்கத்து வீட்டில் தீ.

எப்படி எழுதுவது? மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் கத்தினது கேட்டு ஓடினேன். பின்னறை ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை. உஷாக்கா வெளியில் வந்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினார் - பிரணவி உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டார். பிரணவி வீட்டிலேயே இல்லை, லைப்ரரிக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுக்காரர்தான் உஷாக்காவை இழுத்துக்கொண்டு வந்தார். வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. "பிள்ளை எங்கை, பிள்ளை எங்கை" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபயர் சர்வீஸ் வந்தது. அறை போய்விட்டது. குசினிச் சுவர் பாதி போய்விட்டது.

உஷாக்கா உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். உயிரோடு.

13 ஜூலை, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போனேன். காரிடாரில் அண்ணா பிரணவியை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபயர் சர்வீஸ்காரர் சொல்லியிருக்கிறார், ஹீட்டர் சொருகியிருந்த பிளக் பாயின்டுக்குப் பின்னால், சுவருக்குள் தொடங்கியிருக்கிறது என்று.

"ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டுத்தானே போனனீ?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஐ டோன்ட் நோ, அப்பா. ஐ திங்க் ஐ லெஃப்ட் இட் ஆன்."

"கொம்மா செத்திருந்தா என்ன செய்திருப்பாய்? சொல்லு! கொம்மா செத்திருந்தா?"

அவர் குரல் உயர்ந்து நான் இதுவரை கேட்டதில்லை. ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பிரணவி சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள். நான் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தேன், அண்ணாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன், மூடினேன். சொல்லவில்லை.

ஹீட்டரை அணைக்காமல் போவது ஒரு குற்றமா? இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். லோடு கூடினால் ஃபியூஸ் போகணும். போகத்தான் அது இருக்கு. வீட்டுக்குப் பதிலாக அது எரிந்துபோகும், அதுதான் அதன் வேலை. அதை எரியவிடாமல் கட்டினது நான். இரண்டு இழை தாங்கின கரண்டைச் சுவருக்குள் இருந்த அறுபது வருஷத்து ரப்பர் வயர் தாங்கவில்லை. மூன்று வாரமாக உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

இது எனக்குத் தெரியாதா? பிளான்ட்டில் ஒரு பம்ப் டிரிப் ஆகி நின்றால் "அப்பாடா, புரொடெக்‌ஷன் வேலை செய்யுது" என்று டீ குடிக்கப் போனவள்தானே நான்? யாராவது பாதுகாப்பு ரிலேயில் கைவைத்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பேனே?

தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். சே.

22 ஜூலை, செவ்வாய்

அவர்கள் இப்போது ஒனஹங்கா பக்கம் ஒரு தற்காலிக வீட்டில் இருக்கிறார்கள். இன்று இன்ஷூரன்ஸ் ஆள் எரிந்த வீட்டைப் பார்க்க வந்தார். அண்ணாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "டெக்னிக்கல் விசயம், எனக்கு இங்கிலிஷ் ஓடாது, நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ ஸ்வர்ணா" என்று உஷாக்கா கேட்டார். ஃபாக்டரிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். போர்டைத் திறந்து அந்தப் பீங்கான் கட்டையை உருவினார். இரண்டு இழை, முறுக்கினபடி, உருகாமல் அப்படியே பளபளவென்று. என் முறுக்கு. அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உஷாக்காவிடம் கேளுங்கள் என்றார் - இந்த போர்டில் யாராவது கைவைத்தார்களா, இந்தக் கம்பியை யார் கட்டினது?

நான் உஷாக்காவிடம் திரும்பி, "எலெக்ட்ரீஷியன் யாராவது வந்து வேலை செஞ்சாங்களான்னு கேக்கறார்க்கா" என்றேன்.

"இல்லையே. ஒருத்தரும் வரேல்ல."

நான் அவரிடம், "நோ. நோ ஒன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பழைய ஓனர்கள் செய்திருப்பார்கள், இந்த மாதிரி வீடுகளில் இது சகஜம் என்றார். ஹீட்டர் ஆனில் இருந்ததா என்று கேட்டார். அதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

உஷாக்கா கட்டுப்போடாத இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்றார்.

23 ஜூலை, புதன்

சாப்பிட முடியவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலே தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

27 ஜூலை, ஞாயிறு

பிரணவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். கிளென்ஃபீல்டில் ஒரு சிநேகிதியின் ஃபிளாட்டில் இருக்கிறாளாம். அண்ணா அவளோடு பேசுவதில்லை, அவள் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, அவள் ஹாலுக்கு வந்தால் எழுந்து போய்விடுவார். உஷாக்கா ஃபோனில் அழுதார். "அவள் வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்ல ஸ்வர்ணா. பிழை என்ரதான், நான் இருந்தா அப்பாவுக்குக் கோவம் கூடும் எண்டு இங்கிலிஷில சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டாள்."

அவளே நம்பிவிட்டாள். அம்மாவைக் கொல்லப் பார்த்தது தான்தான் என்று ஒரு பெண் நம்பிக்கொண்டு கிளென்ஃபீல்டில் யாரோ வீட்டு சோஃபாவில் படுத்திருக்கிறாள்.

நாளைக்குச் சொல்லிவிடு ஸ்வர்ணா.

28 ஜூலை, திங்கள்

சொல்லவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

மூன்று வருஷமாகப் போட்ட விண்ணப்பங்களில் ஒன்று பலித்திருக்கிறது. மின் விநியோகக் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. மதன் சட்டையை அவரே அயர்ன் பண்ணிக் கொடுத்தார், அதாவது என் சட்டையை.

நன்றாகவே போயிற்று, பாழாய்ப்போனது. மூன்று பேர் கேட்டார்கள். கடைசியில் ஒரு அம்மாள், "பாதுகாப்பில் ஏதோ தப்பு நடப்பதைப் பார்த்து நீங்கள் வாய் திறந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்றாள். ராஜஸ்தானில் எண்ணெய்க் குழாயில் கசிவைப் பார்த்து, மேனேஜர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு வரிசைக் கண்ணாடியைச் சூரியனிலிருந்து திருப்பி நிறுத்தினதைச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை பொய்யில்லை. மூவரும் தலையாட்டினார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். நான் சொன்ன கதையில் இருந்த அந்தப் பெண் யாரோ, நான் யாரோ.

9 ஆகஸ்ட், சனி

வேலை கிடைத்துவிட்டது என்று நேற்று ஃபோன். மதன் ஸ்வீட் வாங்கி வந்தார். அந்த டப்பாவைத் திறக்கும்போது என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "அந்தக் கைக்கு வாரா வாரம் டிரெஸ்ஸிங் மாத்திட்டு வர்றது நான்டி" என்றார்.

"தெரியும்."

"என்ன தெரியும்? அவங்க வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு உன்னைப் பத்தித்தான் பேசுவாங்க. ஸ்வர்ணா இல்லேன்னா, ஸ்வர்ணா இல்லேன்னான்னு." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அப்புறம் குரல் மாறியது. "சரி. இப்ப பேசாம இரு. லைசென்ஸ் இல்லாம அடுத்தவங்க வீட்டு கரண்ட்ல கைவெச்சது இங்க குத்தம். ரெசிடென்ஸ் விசா வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத. எல்லாம் ஆறிப்போயிடும்."

"பிரணவி?"

"அவ சின்னப் பொண்ணு. அப்பாவும் பொண்ணும் ஒருநாள் சேர்ந்துக்குவாங்க."

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு நிமிஷம், சத்தியமாக, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே என்மேல் குமட்டிக்கொண்டு வந்தது.

16 ஆகஸ்ட், சனி

மதனிடம் சொல்லாமல் ஒனஹங்கா போனேன். அண்ணாவும் உஷாக்காவும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காராமலே சொன்னேன். ஃபியூஸ் என்றால் என்ன, ஒரு இழை எவ்வளவு தாங்கும், இரண்டு இழை எவ்வளவு, சுவருக்குள் வயர் எவ்வளவு, ஏன் தீப்பிடித்தது. ஹீட்டர் ஆனில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரணவிமேல் தப்பில்லை, தப்பு நான் கம்பி கட்டினதில்தான் என்று சொன்னேன்.

அண்ணா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து என் தலையில் கைவைத்தார்.

"பிள்ளை, உங்கட மனசு எங்களுக்குத் தெரியும். அவளைக் காப்பாத்திறதுக்காக இப்பிடியெல்லாம் கதைக்காதேங்கோ."

"இல்லண்ணா, நிஜமா -"

"சும்மா இருங்கோ. நீங்கள் படிச்சனீங்கள். ஒரு ஊருக்குக் கறண்ட் குடுத்தனீங்கள். ஒரு பியூஸ் கட்டத் தெரியாமப் போகுமே?"

தெரியாமல் இல்லண்ணா, தெரிந்தே செய்தேன் என்றேன். அதற்கும் தலையாட்டிச் சிரித்தார். உஷாக்கா அழுதுகொண்டே, "கடவுள் மாதிரி நிக்கிறா பாருங்கோப்பா" என்றார். கடவுள்! நான் கத்தாத குறை. ஆம்ப்பியர், வாட் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவர்களுக்கு நான் இன்னும் பெரிய இஞ்சினியராகிக்கொண்டே போனேன்.

கிளம்பும்போது ஒரு பார்சல் இடியப்பம் கொடுத்தார்கள். வெந்த கையால் பிழிந்தது. காரில் வைத்துக்கொண்டு அந்தத் தெரு முனையில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இதைவிட அறைந்து அனுப்பியிருக்கலாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று ஒனஹங்கா போனதை வேறு வழியில்லாமல் மதனிடம் சொன்னேன். திட்டினார், கதவைச் சாத்தினார், பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து "ஏறு" என்றார். கிளென்ஃபீல்ட் மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடத்துக்குப் பிரணவியை வரச்சொல்லியிருந்தேன். மதன் காரிலேயே இருந்துவிட்டார்.

இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நேற்று அவள் அப்பாவிடம் சொன்னதையே சொன்னேன். அவள் நம்ப ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"ஸோ, அந்த ஃபியூஸ் போயிருக்கணும்" என்றாள் ஆங்கிலத்தில்.

"ஆமா."

"நீங்க அதைப் போகவிடலை."

"ஆமா."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், ஓடி வந்தவள் மாதிரி. ராத்திரி படுத்தால் அம்மா அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவதுதான் வருகிறதாம். இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். பேச்சு நின்றது எனக்குத் தாங்கவில்லை, நான் மறுபடி ரப்பர் வயரைப் பற்றி, அது எப்படிக் காய்ந்து உதிரும் என்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யூ எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் ரியலி வெல், ஆன்ட்டி."

எழுந்து போய்விட்டாள். நான் வாங்கி வைத்த ஜூஸ் அப்படியே இருந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இன்ஷூரன்ஸ் ஆளுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டேன். கம்பி கட்டினது நான். எனக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் தடுத்ததும் நான். நீங்கள் கேட்ட கேள்வியை வேண்டுமென்றே மாற்றிக் கேட்டேன், உஷாக்கா பொய் சொல்லவில்லை. இதையே வேலை கொடுத்த கம்பெனிக்கும் அனுப்பினேன். மதன் பக்கத்தில் நின்று படித்தார். ஒரு இடத்தில் ஸ்பெல்லிங் திருத்தினார்.

கம்பெனியிலிருந்து சாயங்காலமே பதில் வந்துவிட்டது. வேலை இல்லை என்று, மிக மரியாதையான பதில்.

28 ஆகஸ்ட், வியாழன்

வெள்ளைக்காரர் சொன்னதும் நம்பிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஆள் அண்ணாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

ஃபாக்டரியில் டீ நேரம். அண்ணாவின் ஃபோன். எடுத்தேன்.

"என்ர பிள்ளையை நான் ஆசுப்பத்திரியில வைச்சு ஏசேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்."

"ஆமாண்ணா."

"தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்கள்."

ஃபோன் கைமாறியது. உஷாக்கா கத்துவார் என்று நினைத்தேன், கத்தட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"வீடு எரிஞ்சது விபத்து, ஸ்வர்ணா. கை வெந்ததும் விபத்து. அதுகளை விடுங்கோ. நான் உங்களை நம்பி வாய் திறந்தன். என்னைக் கொண்டெல்லோ அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வைச்சனீங்கள்."

ஃபோனை வைத்துவிட்டார்.

தீயைப் பற்றித்தான் இத்தனை நாள் வெட்கப்பட்டேன். அந்த ஒரு வரி மொழிபெயர்ப்பை ஏதோ சின்ன விஷயம்போல் ஒதுக்கி வைத்திருந்தேன். ஃபியூஸ் கட்டும்போது பெருமைக்காகச் செய்தேன், சரி, முட்டாள்தனம். உஷாக்காவின் வாயிலிருந்து எனக்கு வேண்டிய பதிலைப் பிடுங்கினேனே, அது என்ன? அது திருட்டு. இன்று முழுக்க ஷாம்பு மூடிகளைப் பார்த்தேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

இன்ஷூரன்ஸிலிருந்து என்மேல் புகார் எங்கோ போயிருக்கிறது, அதற்கும் ஒரு விசாரணை வருமாம். வரட்டும். கோயிலில் அண்ணா எங்களைப் பார்த்ததும் மதனுக்கு மட்டும் தலையசைத்தார். மதன் பதிலுக்கு அசைத்துவிட்டு என் பக்கம் பார்க்கவில்லை. பிரசாத வரிசையில் நான் நின்ற இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் காலியாகவே இருந்தது. அது நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டதோ என்னவோ.

6 டிசம்பர், சனி

நல்ல வெயில். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ரிப்பேர் முடிந்து போன வாரம்தான் குடிவந்தார்கள். புது போர்டு, புது வயர். நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு கார் வந்து நின்றது. பிரணவி. சிநேகிதி இறக்கிவிட்டுப் போனாள், டிரைவ்வேயில் பெட்டிகளோடு நின்றாள். உள்ளே போகாமல் நின்றாள். சோதிலிங்கம் அண்ணா வெளியே வந்தார். நான் ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால் இருந்தேன், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

அவர் அவள் முன்னால் வந்து நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார்.

"சொறி, பிள்ளை" என்றார். "அப்பா உன்னைப் பிழையாச் சொல்லிப்போட்டன். சொறி."

ஒரு சாரி, அவ்வளவுதான். யார் எதைக் கட்டினார்கள், எது எரிந்தது, ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண் தமிழில், "ஓம் அப்பா" என்றாள். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனார்.

அண்ணாவிடம் போய் விளக்கினேன். பிரணவிக்கு மாலில் உட்கார வைத்து விளக்கினேன். இன்ஷூரன்ஸுக்கு இரண்டு பக்கம், கம்பெனிக்கு ஒரு பக்கம். தப்பு என்னுடையது, தப்பு என்னுடையது என்று எல்லாரிடமும் ஒப்பித்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? உஷாக்காவிடம் கேட்டேனா? ஒருத்தரிடமும் கேட்கவில்லை. பாடம்தான் எடுத்தேன்.

கையில் இருந்த ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். காலில் செருப்புகூட இல்லை. அவள் கடைசிப் பெட்டியைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகப் பெட்டி, கனம்.

"பிரணவி, என்னை மன்னிச்சிரும்மா."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என்று ஆரம்பித்து, ஏனென்றால் என்று ஆரம்பித்து. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஓகே" என்றாள். இட்ஸ் ஓகே என்று சொல்லவில்லை. குசினி ஜன்னலில் உஷாக்கா நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் இனிமேல்தான் போகவேண்டும்.

"அந்தப் பக்கம் பிடிங்க, ஆன்ட்டி" என்றாள் பிரணவி, தமிழிலேயே. பிடித்தேன். இரண்டு பேருமாக வாசற்படி வரை தூக்கிக்கொண்டு போனோம். அங்கே அவள் நின்று, என் கையிலிருந்து அந்தப் பக்கத்தையும் வாங்கிக்கொண்டு, தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.